கோயில் வாசலில் நிற்கப் போகிறவர்களுக்கு: பங்கு வரவேற்புப் பணியின் முதல் பாடங்கள்

ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் ஃபாதரைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிற வாலண்டியரைத்தான் பார்க்கிறார்கள். பழைய பங்குக்காரர்களுக்கு (பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகம்) இது ஒரு பொருட்டில்லை. அவரவர் பெஞ்சும் அவரவர் தூணும் அவர்களுக்குத் தெரியும். வேலை மாற்றலாகிப் போன வாரம் ஊருக்கு வந்த குடும்பம், பல வருடம் கோயில் பக்கமே வராமல் இன்று ஏதோ ஒரு பாரத்தோடு வந்திருப்பவர், செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ள வந்த இந்துப் பெண் ஆகியோருக்குத்தான் வாசல் தயக்கம் தருகிற இடம். உள்ளே போகலாமா, எங்கே உட்காரலாம், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அவர்கள் தயங்குகிற அந்த அரை நிமிடத்தில் அருகில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக இருக்க நீங்கள் முன்வந்திருப்பது மிக நல்ல விஷயம்.

தமிழ்நாட்டு நகரப் பங்குகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பங்குக்குப் பங்கு வழக்கம் மாறும். இங்கே சொல்வதும் உங்கள் பங்குத்தந்தை சொல்வதும் வேறுபட்டால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இது நேற்று முளைத்த வேலை இல்லை. கி.பி. 251 வாக்கில் திருத்தந்தை கொர்னேலியு எழுதிய ஒரு கடிதத்தில், உரோமைத் திருச்சபையின் பணியாளர்கள் பட்டியலில் வாயிற்காப்பாளர்களும் இருக்கிறார்கள். பின்னால் அது குருத்துவத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறு படிநிலையாகவே நூற்றாண்டுகள் நீடித்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் படிநிலையை எடுத்துவிட்டார், ஆனால் வேலை போகவில்லை. உரோமைத் திருப்பலி நூலின் முகப்பில் உள்ள பொது நெறிமுறைகளில் 105-ஆம் எண்ணைப் பாருங்கள். காணிக்கை எடுப்பவர்களும், வாசலில் மக்களை எதிர்கொண்டு இடம் காட்டிப் பவனிகளை ஒழுங்கு செய்பவர்களும் வழிபாட்டுப் பணியாளர்கள் வரிசையிலேயே சொல்லப்படுகிறார்கள். வாசகம் வாசிப்பவரும் பாடகர் குழுவும் எப்படியோ, அப்படியே நீங்களும். நம் ஊரில் வாலண்டியர் என்றதும் திருவிழா நாளில் பேட்ஜ் குத்திக்கொண்டு கயிறு பிடித்து விசில் ஊதுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். கயிறும் தேவைதான், ஆனால் அது கடைசியில் வரும்.

சேர்வது எப்படி

பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடமோ உங்கள் அன்பியப் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளரிடமோ நேரடியாகச் சொல்லுங்கள். பெரும்பாலான பங்குகளில் விண்ணப்பம் எதுவும் இருக்காது. பங்குப் பேரவையில் வழிபாட்டுக் குழுவுக்கு ஒருவர் பொறுப்பாக இருப்பார், அவரிடம் அனுப்புவார்கள். ஊருக்குப் புதியவர் என்றால் முதலில் பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு குறித்து உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

முதலிலேயே எல்லா ஞாயிறும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரே பூசை நேரம் என்று தொடங்குங்கள். காலை ஆறு மணிப் பூசைக்கு வருகிறவர்கள் ஒரு ரகம், எட்டு மணிக்கு மறைக்கல்விப் பிள்ளைகளோடு வருகிற கூட்டம் வேறு ரகம், மாலைப் பூசை இன்னொரு ரகம். ஒரே நேரத்தில் தொடர்ந்து நின்றால் முகங்கள் பழகும். முகங்கள் பழகினால்தான் புதிய முகம் எது என்று தெரியும். கணவன் மனைவியாக, அல்லது மகளையும் சேர்த்துக் குடும்பமாக நிற்பது ரொம்ப நல்லது. வாசலில் ஆண்கள் மட்டும் நின்றால் தனியாக வருகிற பெண்கள் எதையும் கேட்கத் தயங்குவார்கள்.

கூட்டமில்லாத நாளில் கோயிலைச் சுற்றிப் பாருங்கள்

பல பங்குகளில் புதியவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒரு வார நாள் மாலை, கோயில் பிள்ளையை (கோயில் பணியாளரை) அழைத்துக்கொண்டு வளாகம் முழுக்க ஒரு நடை நடந்து வாருங்கள். எத்தனை கதவுகள், எது உள்பக்கம் தாழ்ப்பாள், எது வெளிப்பக்கம் பூட்டு, சாவி யாரிடம்? ஸ்விட்ச் போர்டில் எந்த ஸ்விட்ச் எந்த ஃபேனுக்கு? கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுகிறவர் யார்? தீயணைப்பான் எங்கே தொங்குகிறது, அதன் காலக்கெடு முடிந்துவிட்டதா? முதலுதவிப் பெட்டி சக்ரீஸ்திலா (ஃபாதர் பூசைக்கு ஆயத்தமாகும் அறை) அலுவலகத்திலா, அதில் பஞ்சும் பிளாஸ்திரியுமாவது இருக்கிறதா? சக்கர நாற்காலி ஏற சாய்தளம் எந்த வாசலில் இருக்கிறது, அங்கே யாராவது பைக் நிறுத்திவிடுகிறார்களா? கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா?

அப்புறம், மக்கள் உங்களிடம் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனம் எப்போது கேட்பார்கள், பூசைக் கருத்து எங்கே எழுதிக் கொடுப்பது, மெழுகுதிரி எங்கே ஏற்றுவது, நற்கருணைச் சிற்றாலயம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், சகாய மாதா நவநாள் புதன்கிழமை எத்தனை மணிக்கு, செருப்பை எங்கே விடுவது? இவற்றுக்கு உடனே பதில் சொல்ல முடிந்தாலே பாதி வேலை முடிந்தது. சொல்லக் கூடாத பதில்களும் உண்டு. ஞானஸ்நானம் எந்த ஞாயிறு வைக்கலாம், கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) எப்போது வாசிப்பார்கள், வேறு பங்குச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டால், “அலுவலகத்தில் கேட்டுச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், இத்தனை மணிக்குத் திறந்திருக்கும்” என்று நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள். நீங்களாக “அதெல்லாம் ஃபாதர் பண்ணிடுவார்” என்று சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் மூன்று பேருக்கு.

பூசைக்கு முன்

முக்கால் மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து, ஃபேன்களைப் போட்டு, தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பெஞ்சுகளில் போன பூசையின் பாட்டுப் புத்தகங்கள் கலைந்து கிடக்கும், அவற்றை அடுக்குங்கள். சக்ரீஸ்தில் தலைகாட்டி இன்று என்ன சிறப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுநன்மைப் பிள்ளைகள் (முதல் முறை நற்கருணை வாங்குகிறவர்கள்) இருக்கிறார்களா, காணிக்கைப் பவனியில் யார் அப்பமும் இரசமும் கொண்டுவருகிறார்கள், முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு ஒரு குடும்பம் வருகிறதா? கடைசிக் கேள்வி முக்கியமானது. வந்திருப்பது துக்க வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தால் உங்கள் முகமும் குரலும் தானாகவே மாறும்.

உடை சுத்தமாக, எளிமையாக இருந்தால் போதும். பேட்ஜ் கட்டாயம் அணியுங்கள், யாரிடம் கேட்பது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். செல்போனை சைலண்டில் போடுங்கள், ஆனால் அணைத்துவிடாதீர்கள். அவசரத்துக்குத் தேவைப்படும். எல்லாம் ஆனதும் பீடத்துக்கு முன்னால் ஓரிரு நிமிடம் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு வாசலுக்குப் போங்கள். பூசை நேரம் முழுக்க உங்கள் கவனம் சிதறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இந்த அமைதியை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அன்றே வேறொரு பூசையில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் உட்காருங்கள்.

வாசலில்

கை கூப்பி வணக்கம் சொல்லுங்கள். அது நம் வழக்கம் மட்டுமல்ல. கை கூப்பி வணங்குவது, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது, தரையில் உட்கார்ந்து வழிபடுவது இவையெல்லாம் 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமையின் ஒப்புதல் பெற்ற பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களில் அடங்கியவை. தெரிந்தவர்களிடம் “மரியே வாழ்க” சொல்லலாம். முகம் புதிதாக இருந்தால் “வணக்கம், வாங்க” போதும். பெரியவர்கள் என்றால் “வாங்கய்யா, வாங்கம்மா”. தோளில் கை போடுவது, குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளுவது வேண்டாம்.

புதியவர் என்று தெரிந்தால் விசாரணை செய்யாதீர்கள். “எந்த ஊர், எந்தப் பங்கு, சாமி பேர் என்ன, வீட்டுக்காரர் வரலையா” என்று அடுக்கினால் அவர் அடுத்த வாரம் வேறு கோயிலுக்குப் போய்விடுவார். “முதல் தடவை வர்றீங்களா? உள்ளே ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கு, வாங்க” என்று சொல்லி அந்த இடம் வரை கூடவே நடங்கள். கையை நீட்டி “அங்கே” என்று காட்டுவதைவிடப் பத்தடி கூட நடப்பதுதான் வரவேற்பு. அவர் விரும்பினால் பூசை முடிந்ததும் தானே வந்து பேசுவார், அப்போது அன்பியத்தில் யாரிடமாவது அறிமுகப்படுத்தலாம்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் நம் கோயில்களுக்கு வருவது ரொம்ப இயல்பு. வேளாங்கண்ணி, பூண்டி மாதா கோயில், சென்னை அர்மேனியன் தெரு அந்தோணியார் திருத்தலம் என எங்கே பார்த்தாலும் வருகிறவர்களில் கணிசமானோர் பிற சமயத்தவர்கள். மாலை, உப்பு மிளகு, தொட்டில், காணிக்கை உருக்கள் என்று அவர்கள் கொண்டுவருவதை எங்கே வைக்கலாம் என்று மரியாதையாகக் காட்டுங்கள். “இதெல்லாம் இங்கே செய்யக் கூடாது” என்பது வாயில் வரும் முதல் வாக்கியமாக இருக்கக் கூடாது. பீடத்தின் மேல் ஏற வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தால், “இந்தச் சுரூபத்துக்கு முன்னால் வைங்கம்மா” என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

அழுதுகொண்டு ஒருவர் தனியாக வந்தால் பின்தொடராதீர்கள். ஓரமான இடத்தைக் காட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பூசைக்குப் பின்னும் உட்கார்ந்திருந்தால் “ஃபாதரைப் பார்க்கணுமா?” என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வாசலில் பார்த்தது, கேட்டது எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

குடித்துவிட்டு வருகிறவரை இருவராகச் சேர்ந்து, தாழ்ந்த குரலில் பேசி, கெபி (மாதா குகை) பக்கமோ மரத்தடியிலோ உட்கார வையுங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். உதவி கேட்டு வருகிறவர்களை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் அனுப்புங்கள், கேட் அருகே அதட்டித் துரத்த வேண்டாம்.

ஆளைப் பார்த்து இடம் கொடுக்காதீர்கள்

இந்தப் பணியில் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒவ்வொரு வாலண்டியரும் படிக்க வேண்டும். பொன் மோதிரம் அணிந்து பகட்டான உடையோடு வருகிறவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குத் துணியோடு வருகிற ஏழைக்கு நிற்கிற இடமும் கொடுப்பதை அவர் நேராகவே கண்டிக்கிறார். சபையில் யார் எங்கே உட்காருவது என்று அன்றைக்கே ஒருவர் முடிவு செய்துகொண்டிருந்தார். இன்று அது நீங்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கனமான பொருளும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள் இருந்தன. ஒரு சாதியினர் மற்றவர்களோடு சேராமல் பூசை காண்பதற்காகவே அந்த அமைப்பு. நடுவில் இருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் போனாலும், இந்தத் தெருக்காரர்கள் இந்தப் பக்கம், அந்தக் காலனிக்காரர்கள் அந்தப் பக்கம் என்ற பழக்கம் பல ஊர்களில் உட்காரும் முறையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பங்கில் அப்படி ஏதாவது தெரிந்தால், வருகிறவர்களை அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி பிரித்து அனுப்புகிற கையாக நீங்கள் இருக்காதீர்கள். முன்னால் இடம் இருந்தால், அடுத்து வருகிறவர் யாரானாலும் முன்னால் அழைத்துப் போங்கள். அதைச் சத்தம் போடாமல் செய்துகொண்டே இருங்கள். யாராவது முகம் சுளித்தால் “இடம் காலியா இருந்துச்சு அண்ணே, அதான்” என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

திருவிழா நாளில் நன்கொடையாளர்கள், கட்சிப் பிரமுகர்கள் வருவார்கள். முன்வரிசை ஒதுக்கலாமா வேண்டாமா என்பதை நீங்கள் வாசலில் முடிவு செய்ய வேண்டியதில்லை. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு, எத்தனை பெஞ்சு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நான் எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்ய மாட்டேன்.

ஒதுக்கீடு தேவைப்படுகிறவர்கள் வேறு. முட்டி வலிக்காரர்களுக்கு ஓர இருக்கை, சக்கர நாற்காலிக்குப் பெஞ்சு முனையில் வெற்றிடம், காது சரியாகக் கேட்காதவருக்கு ஒலிபெருக்கி அருகில் இடம், கர்ப்பிணிகளுக்குக் காற்றோட்டமான பக்கம் என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். தரையில் உட்காரும் கோயில் என்றால் பக்கச் சுவரோரம் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலியாவது போட்டு வையுங்கள்.

தாமதமாக வருகிறவர்களும் அழுகிற குழந்தைகளும்

வாசகம், நற்செய்தி, எழுந்தேற்ற (ஃபாதர் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும்) நேரங்களில் யாரையும் நடுவழியில் நடக்க விடாதீர்கள். வாசலருகே நிற்கச் சொல்லி, தொடக்கச் செபம் முடிந்து எல்லோரும் உட்காரும்போதோ, அல்லேலூயாவுக்கு எழும்போதோ, மறையுரைக்கு முன்னாலோ பக்கவாட்டில் அழைத்துப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தாமதமாக வந்தவருக்குத் தான் தாமதம் என்று தெரியும்.

குழந்தை அழுதால் தாயை வெளியே போகச் சொல்லக் கூடாது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்குக் கொடுக்கும்போது, குழந்தை பசியால் அழுதால் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2014-இலும் 2017-இலும் அப்படிச் சொன்னார். அவளே வெளியே போக விரும்பினால் பக்கக் கதவைத் திறந்து, ஒலிபெருக்கி கேட்கிற நிழலான இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். திரும்பி முறைக்கிற பெரியவர்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாலே அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

காணிக்கை

இதில் விதி ஒன்றுதான். பணத்தோடு ஒருபோதும் தனியாக இருக்காதீர்கள். விசுவாசிகள் மன்றாட்டு முடிந்து காணிக்கைப் பாடல் தொடங்கியதும் எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் பையை நீட்டத் தொடங்குங்கள். கொடுக்காதவர் முன்னால் நின்று காத்திருக்க வேண்டாம். எடுத்து முடித்ததும் பைகளைச் சேர்த்து இருவராகக் கொண்டுபோய் ஃபாதர் சொன்ன இடத்தில் வையுங்கள். பீடத்தின் மேல் வைக்கக் கூடாது. பூசைக்குப் பின் எண்ணுவது நிதிக்குழுவின் வேலை. அதற்கு உங்களையும் கூப்பிட்டால், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து எண்ணி, தொகையை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் நேர்மை மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும் இப்படியே செய்யுங்கள், இது உங்களுக்கும் பாதுகாப்பு.

நன்மை வாங்கும் நேரம்

வரிசையைப் பின்னாலிருந்து தொடங்குவதா முன்னாலிருந்தா, எத்தனை இடத்தில் நன்மை (நற்கருணை) கொடுக்கிறார்கள், வாங்கியவர்கள் எந்த வழியாகத் திரும்புவது என்பதை முன்பே பேசி வையுங்கள். ஒவ்வொரு பெஞ்சாக, பெஞ்சு முனையில் நின்று ஓர் அடி பின்வாங்கி வழிவிடுங்கள். எழுந்து வராதவரை ஏன் வரவில்லை என்பது போலப் பார்க்காதீர்கள். அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில். எழ முடியாதவர்கள் எந்தப் பெஞ்சில் இருக்கிறார்கள் என்று பூசைக்கு முன்பே நற்கருணைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால் அவர்களிடமே கொண்டுவருவார்கள்.

அடுத்தது மிக நுணுக்கமான விஷயம். நண்பரோடு வந்த பிற சமயத்தவர் எல்லோரும் போகிறார்கள் என்று வரிசையில் சேர்ந்துவிடுவார். கோயிலில் பிரசாதம் வாங்குவது போல இதையும் பக்தியோடுதான் நினைக்கிறார், அவமதிக்கும் எண்ணம் துளியும் இல்லை. நற்கருணை என்பது ஞானஸ்நானம் பெற்று, தயாரிப்போடு வருகிற கத்தோலிக்கர்களுக்கு உரியது என்று முன்னுரை வாசிப்பவர் நன்மைக்கு முன் ஒரு வரி அறிவித்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவு, கல்யாணம், அடக்கப் பூசை ஆகிய நாட்களில் அந்த அறிவிப்பை விட்டுவிட வேண்டாம் என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள். அப்படியும் யாராவது வந்தால் வரிசையிலிருந்து இழுக்காதீர்கள், நீ கத்தோலிக்கனா என்று ஊர் கேட்கக் கேட்காதீர்கள். கொடுப்பதா ஆசீர் அளிப்பதா என்பதைக் கொடுப்பவரே பார்த்துக்கொள்வார்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. நன்மையைக் கையில் வாங்கிய ஒருவர் அதை உட்கொள்ளாமல் அப்படியே நடந்து போகிறாரா என்று கவனியுங்கள். கொடுப்பவரின் முன்னிலையிலேயே உட்கொள்ள வேண்டும், யாரும் எடுத்துப் போகக் கூடாது என்று வழிபாட்டு ஒழுங்குக்கான உரோமைப் பேராயத்தின் 2004-ஆம் ஆண்டு அறிவுரை தெளிவாகச் சொல்கிறது. பெரும்பாலும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அருகில் போய் மெதுவாக, “இதை இங்கேயே உட்கொள்ளணும். உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா ஃபாதர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம், வாங்க” என்று சொல்லி அழைத்துப் போங்கள். உங்கள் கையில் வாங்காதீர்கள். கீழே விழுந்துவிட்டால் அந்த இடத்தை யாரும் மிதிக்காமல் நின்று மறைத்துக்கொண்டு, கொடுப்பவருக்குச் சைகை காட்டுங்கள். எடுப்பது அவர் வேலை.

நீங்களும் நன்மை வாங்க மறக்காதீர்கள். பல வாலண்டியர்கள் கடைசியில் ஓடுவார்கள் அல்லது விட்டுவிடுவார்கள். யார் எப்போது போவது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி

மே மாத எட்டு மணிப் பூசையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மயங்கி விழுவது சாதாரணம். தரையில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். முழு நினைவு வரும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயாளி என்று தெரிந்து, நினைவும் இருந்தால் இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதோ, வாயில் எதையாவது வைப்பதோ, அழுத்திப் பிடிப்பதோ கூடாது. அடிபடாமல் தலைக்கு அடியில் துணி வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்க்கிறது என்றால் யோசிக்காமல் 108. கூப்பிட்டால் பதிலும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். இதைப் படித்துக் கற்க முடியாது. பங்கில் செவிலியராக இருக்கும் ஒருவரைக் கேட்டால் ஒரு மாலையில் எல்லோருக்கும் செய்து காட்டுவார். ஆம்புலன்ஸ் நுழைய கேட் அருகே வண்டி நிற்காமல் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

குழந்தைகள், பைகள்

காணாமல் போன குழந்தையைத் தனியாக எங்கும் அழைத்துப் போகாதீர்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருவராக நின்று, மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள். சட்டை நிறத்தைச் சொல்லலாம், பெயரைச் சொல்ல வேண்டாம். அழைக்க வருகிறவர் பெயரைச் சொல்லட்டும், குழந்தையும் அவரை அடையாளம் காட்டட்டும். குழந்தையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், பங்கின் பெயர் கெடும் என்று மூடி மறைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். செய்தவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும் இதுதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் அழைக்கலாம்.

2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை அந்தோணியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பில் பையோடு வந்தவரைச் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் நிறுத்திய ஒருவர் தன் உயிரைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். உங்களிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. யாருடையது என்று தெரியாத பை கிடந்தால் தொடாமல், ஆட்களை விலக்கி, பொறுப்பாளரிடம் சொல்லி 112-ஐ அழையுங்கள். பூசை நேரத்தில் எந்தக் கதவையும் வெளியே பூட்டாதீர்கள்.

பெரிய நாட்கள்

குருத்து ஞாயிறன்று குருத்தோலை தொடக்க இடத்திலேயே கொடுத்து முடியட்டும், பவனி நகர்ந்த பின் ஓடி ஓடிக் கொடுக்க வேண்டாம். பெரிய வெள்ளி சிலுவை முத்தியில் வரிசை நீளும், முதியவர்களுக்குத் தனி வரிசை வையுங்கள். கொடியேற்றம் முதல் தேர் வரை நீளும் திருவிழாக்களுக்குப் போலீஸ், மின்வாரியம் எல்லாம் சேர்ந்த கூட்டம் முன்பே நடக்கும், அதில் உங்களுக்குச் சொல்லும் இடத்தை விட்டு அசையாதீர்கள். சப்பரம் போகும்போது மேலே மின்கம்பியையும் கீழே சக்கரத்தருகே குழந்தைகளையும் பார்க்க ஆட்கள் தனித்தனியே வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்புதான் எனக்கு மிகவும் பிடித்த இரவு, வாலண்டியருக்கு அதிக விழிப்பு தேவைப்படுவதும் அன்றுதான். விளக்கெல்லாம் அணைந்து கோயில் இருளில் நிற்கும். பாஸ்கா திரியிலிருந்து எடுத்த சுடர் பெஞ்சு பெஞ்சாகப் பரவும். எரிகிற திரியை நேராகப் பிடித்து, எரியாத திரியைச் சாய்த்துக் கொளுத்தச் சொல்லுங்கள், மெழுகு யார் கையிலும் சொட்டாது. முன்னால் நிற்பவரின் கூந்தல், முந்தானை, குழந்தைகளின் கை ஆகிய மூன்றிலும் கண் இருக்கட்டும். ஒவ்வொரு கதவோரமும் ஒரு வாளித் தண்ணீர். ஸ்விட்ச் போர்டு அருகே நிற்பவருக்கு எந்த நேரத்தில் எந்த விளக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். படிகளின் விளிம்பில் ஒருவர் டார்ச்சோடு நின்றால் பெரியவர்கள் தடுக்கி விழ மாட்டார்கள்.

பூசை முடிந்த பிறகு

கடைசிப் பாடல் தொடங்கும்போதே எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து வையுங்கள். வாசலில் மறுபடி நில்லுங்கள், புதியவர் போகும்போது “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். கூட்டம் கலைந்ததும் பெஞ்சுகளுக்கு இடையே ஒரு நடை போனால் மூக்குக்கண்ணாடி, குடை, ஜெபமாலை, பால் புட்டி எல்லாம் கிடைக்கும். தேதி போட்டு அலுவலகத்தில் கொடுங்கள். ஃபியூஸ் போன பல்பு, ஆடுகிற பெஞ்சு, தீர்ந்துபோன முதலுதவி மருந்து என்று கண்ணில் பட்டதை ஒரு நோட்டில் எழுதிப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். அடுத்த முறை வர முடியாது என்றால் சனிக்கிழமை இரவு வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லி, உங்களுக்குப் பதில் நிற்பவரின் பெயரையும் அந்த நோட்டிலேயே எழுதிவிட்டுப் போங்கள்.